ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தால் இப்போது நோய் இருக்கிறது என்று பொருளா?

ஒரு மாதத்துக்கும் மேலாக நீங்காத சோர்வு, கழுத்தில் நெறி கட்டியது ஆகிய காரணங்களுக்காக ‘வைரஸ் பேனல்’ என்ற பெயரில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு விசிஏ ஐஜிஜி, ஈபிஎன்ஏ ஐஜிஜி இரண்டும் பாசிட்டிவ், விசிஏ ஐஜிஎம் நெகட்டிவ் (விசிஏ, ஈபிஎன்ஏ என்பவை அந்த வைரஸின் புரதங்கள்; ஐஜிஜி, ஐஜிஎம் என்பவை அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் வகைகள்). சைட்டோமெகலோ வைரஸுக்கு ஐஜிஜி 480, ஐஜிஎம் 1.2 என்ற அளவில் பாசிட்டிவ். ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்கும் ஐஜிஎம் பாசிட்டிவ். ஆறு வாரம் கழித்து வேறோர் ஆய்வகத்தில் பார்த்தபோது சைட்டோமெகலோ ஐஜிஜி 140, ஐஜிஎம் நெகட்டிவ். இரத்தத்தில் மூன்று வைரஸ்கள் இருக்கின்றனவா, 480 என்பது 140 ஆனது குணமாகி வருவதன் அடையாளமா, மாதந்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு, என் உடலில் நோய் இப்போது நடந்துகொண்டிருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

நான் பல ஆண்டுகளாகச் சீரம் (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். இத்தகைய அறிக்கைகளில் கையெழுத்திடுவதும், அவற்றைப் பற்றி மருத்துவர்கள் தொலைபேசியில் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதும் என் அன்றாடப் பணி. உங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல் உங்கள் நோய் இன்னது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்களுக்கு எதைச் சொல்லும் தகுதி உண்டு, எதைச் சொல்லும் தகுதி இல்லை என்பதை ஓரளவு உறுதியோடு சொல்ல முடியும்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறிக்கையில் உள்ள ஒரு வரிகூட வைரஸைக் கண்டதாகச் சொல்லவில்லை. பரிசோதிக்கப்பட்டவை அனைத்தும் எதிர்ப்பொருள்கள், அதாவது வைரஸைச் சந்தித்த பிறகு உங்கள் உடல் தானே உருவாக்கிய புரதங்கள். வைரஸையே தேட வேண்டுமானால் அதன் மரபணுப் பொருளைத் தேடும் பிசிஆர் போன்ற பரிசோதனையோ, அதன் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனையோ வேண்டும். வீட்டுக்குள் யாரோ நடந்து சென்ற காலடித் தடத்தைப் பார்ப்பது வேறு, ஆளையே பார்ப்பது வேறு. தடத்தைக் கொண்டு ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று முடிவு கட்ட முடியாது. நீங்கள் பட்டியலிட்ட மூன்று வைரஸ்களுமே ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒருமுறை உடலில் நுழைந்தால் வாழ்நாள் முழுவதும் ஒடுங்கிய நிலையில் தங்கிவிடும் இயல்பு இவற்றுக்கு உண்டு. உலகில் வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியிருக்கிறது. ஆகவே இவற்றுக்கு ஐஜிஜி பாசிட்டிவ் என்று வருவது பெரும்பாலான மனிதர்களைப் போலவே நீங்களும் இருக்கிறீர்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரண்டு வகைகளைப் பற்றி எல்லோரும் படித்திருக்கும் பாடம் எளிமையானது: ஐஜிஎம் முதலில் தோன்றிச் சில வாரங்களில் மறையும், ஐஜிஜி பின்னால் தோன்றி நெடுங்காலம் நிற்கும், எனவே ஐஜிஎம் இருந்தால் புதிய தொற்று, ஐஜிஜி மட்டும் இருந்தால் பழைய தொற்று. இந்தப் பாடம் தவறானது அல்ல. ஆனால் அதன் முதல் பாதியை நம்பி எழுதப்பட்ட முடிவுகளில் எத்தனையோ பிறகு பிழையாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஐஜிஎம் என்பது ஐந்து அலகுகள் ஒன்றாகப் பிணைந்து, பத்துக் கைகளோடு இருக்கும் பெரிய மூலக்கூறு. ஒவ்வொரு கையின் பிடியும் தளர்வானது. கைகளின் எண்ணிக்கையால்தான் அது ஒட்டிக்கொள்கிறது. அதனால் தனக்குரிய ஆன்டிஜென் (எதிர்ப்பொருள் பிடிக்கும் இலக்கு) அல்லாத, ஏறக்குறைய ஒத்திருக்கும் வேறொன்றிலும் அது ஒட்டிக்கொள்ளக்கூடும். சைட்டோமெகலோ வைரஸைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. உண்மையான ஐஜிஎம்மே சிலருக்குப் பல மாதங்கள் நீடிக்கும். பழைய வைரஸ் ஒடுக்கத்திலிருந்து எழும்போதும் அது மீண்டும் தலைகாட்டும்.

1.2 என்ற எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதும் புரியும். பெரும்பாலான ஆய்வகங்கள் செய்வது எலிசா அல்லது அதே கொள்கையில் இயங்கும், ஒளியை அளக்கும் தானியங்கிக் கருவிப் பரிசோதனை. எலிசா முறையை 1971இல் ஸ்வீடனில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும், அதே காலத்தில் நெதர்லாந்தில் இன்னொரு குழுவினரும் தனித்தனியே வெளியிட்டனர். உள்ளங்கை அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் வைரஸின் புரதம் பூசப்பட்டிருக்கும். நீர்த்த சீரத்தை அதில் விட்டுக் காத்திருந்தால், பொருந்தும் எதிர்ப்பொருள் அடியில் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவி ஊற்றி, தட்டைக் கவிழ்த்துத் துடைக்கும் தாளில் தட்டி, பிறகு நொதி இணைத்த இரண்டாவது எதிர்ப்பொருளை விடுகிறோம், மறுபடியும் கழுவுகிறோம், நிறம் தரும் கரைசலைச் சேர்க்கிறோம். சில நிமிடங்களில் சில குழிகள் நீலமாகும். அமிலத்தை விட்டதும் நீலம் மஞ்சளாக மாறி நின்றுவிடும். அந்த மஞ்சளின் அடர்த்தியை 450 நானோமீட்டர் ஒளியில் கருவி அளக்கிறது. கட்-ஆஃப் எனப்படும் வரம்பு மதிப்பால் அதை வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் 1.2. சரியாகக் கழுவப்படாத ஒரு குழி, தட்டின் ஓரத்தில் இருந்ததால் சற்று அதிகம் சூடான ஒரு குழி ஆகியவைகூட 0.9 ஆக இருக்க வேண்டியதை 1.1 ஆக்கிவிடும். வரம்புக்குச் சற்று மேலே, சற்றுக் கீழே என்று வரும் எண்களை நாங்கள் மறுநாள் திரும்பச் செய்து பார்ப்பது அதனால்தான்.

ஒரு நிகழ்வு நினைவுக்கு வருகிறது. மூட்டு வலியும் உடலில் தடிப்பும் உள்ள ஒருவரின் சீரத்தில் தட்டம்மை, ரூபெல்லா, சைட்டோமெகலோ, பார்வோ பி19 என்ற நான்கு வைரஸ்களுக்கும் ஒரே நாளில் ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தது. ஒரே மனிதருக்கு ஒரே வாரத்தில் நான்கும் தொற்றியிருக்கும் என்று நம்புவதைவிட, அந்தச் சீரத்திலேயே ஏதோ கோளாறு என்று எண்ணுவதே அறிவுடைமை. ருமட்டாய்டு காரணி என்றொரு பொருள் உண்டு. அது பெரும்பாலும் நம்முடைய ஐஜிஜிக்கு எதிராக நம் உடலே உண்டாக்கும் ஐஜிஎம். குழியின் அடியில் வைரஸுக்கு உரிய பழைய ஐஜிஜி ஒட்டியிருந்தால், இந்தக் காரணி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பரிசோதனை அதை வைரஸுக்கு எதிரான ஐஜிஎம் என்று தவறாக எண்ணிவிடும். அந்தச் சீரத்தில் இருந்த ஐஜிஜியை முன்கூட்டியே உறிஞ்சி நீக்கிவிட்டுத் திரும்பச் செய்தோம். நான்கும் நெகட்டிவ். அந்த முதல் அறிக்கை அப்படியே வெளியே போயிருந்தால் அவர் எத்தனை மருத்துவர்களைத் தேடி அலைந்திருப்பார் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு மட்டும் புதிய தொற்று இருப்பதாகக் கொள்வோம். தொற்றில்லாதவர்களில் நூற்றுக்கு 97 பேருக்குச் சரியாக நெகட்டிவ் சொல்லும் நல்ல பரிசோதனை ஒன்று, அந்தப் பத்துப் பேரையும் தவறாமல் பிடித்துவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 990 பேரில் நூற்றுக்கு மூன்று வீதம் சுமார் முப்பது பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும். ஆகப் பாசிட்டிவ் என்று தாள் வாங்கிய நாற்பது பேரில் உண்மையான தொற்றுள்ளவர்கள் பத்துப் பேர்தான். இதே தரமுள்ள பத்துப் பரிசோதனைகளை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாகக் கொண்டு ஒரே பேனலில் செய்தால், எந்தத் தொற்றும் இல்லாதவர்களிலும் கால்வாசிப் பேருக்கு ஏதாவது ஒரு வரியில் பொய்ப் பாசிட்டிவ் வந்தே தீரும். எந்த நோயைச் சந்தேகிக்கிறோம் என்று தெளிவில்லாமல் எல்லா வைரஸ்களையும் ஒரே வலையில் தேடும் பேனல்களை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான். கருவியில் குறை இல்லை; அதனிடம் கேட்கப்படும் கேள்வியில்தான் குறை.

இனி உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். எப்ஸ்டீன்-பார் பகுதியைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. இந்த வைரஸ் புதிதாகத் தொற்றும்போது விசிஏ ஐஜிஎம் தோன்றி, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களில் மறைந்துவிடும். ஈபிஎன்ஏ எதிர்ப்பொருள் நோய் தொடங்கிய இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குப் பிறகே மெல்லத் தோன்றி வாழ்நாள் முழுவதும் நிற்கும். சோர்வு தொடங்கி ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளில் எடுத்த இரத்தத்தில் ஈபிஎன்ஏ இருக்கிறது, ஐஜிஎம் இல்லை. இது பழைய தொற்று. உங்கள் இப்போதைய சோர்வுக்கு இதைக் காரணமாகக் காட்ட முடியாது. விசிஏ ஐஜிஜியின் எண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இந்த முடிவு மாறாது.

ஹெர்ப்பிஸ் ஐஜிஎம் வரியை மறந்துவிடுங்கள் என்றே சொல்வேன். அந்தப் பரிசோதனையால் ஒன்றாம் வகையையும் இரண்டாம் வகையையும் பிரித்துச் சொல்ல முடியாது. பழைய தொற்று மீண்டும் எழும்போதும் அது பாசிட்டிவ் ஆகலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வழிகாட்டுதலில் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத் தேவை இருந்தால், கிளைக்கோபுரதம் ஜி என்ற புரதத்தை அடிப்படையாகக் கொண்டு இரண்டு வகைகளையும் பிரித்தறியும் ஐஜிஜி பரிசோதனை இருக்கிறது. அதிலும்கூட இரண்டாம் வகைக்கு 1.1 முதல் 3 வரையிலான தாழ்ந்த பாசிட்டிவ் எண்களை வேறொரு முறையால் உறுதிப்படுத்தாமல் நம்பக்கூடாது. புண் இருக்கும்போது அதிலிருந்தே மாதிரி எடுத்துப் பிசிஆர் செய்வது இவை எல்லாவற்றையும்விட மேலானது.

சைட்டோமெகலோ பகுதிதான் உண்மையில் சந்தேகத்துக்குரியது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளை இந்த வைரஸ் உண்டாக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் வரம்பை ஒட்டி நிற்கும் 1.2 என்ற ஐஜிஎம்மும் ஐஜிஜியும் சேர்ந்திருப்பதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு: சமீபத்திய தொற்று, பழைய வைரஸின் மறு எழுச்சி, அல்லது எந்தப் பொருளும் இல்லாத பொய்ப் பாசிட்டிவ். என் அனுபவத்தில் உண்மையான புதிய தொற்றின் முதல் மாதங்களில் ஐஜிஎம் வரம்பை விட்டு நன்றாகவே மேலேறி நிற்கும். வரம்பை உரசிக்கொண்டு நிற்பது குறைவு. இதை ஓர் அனுமானமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆய்வகத்தில் நெகட்டிவ் வந்ததும் பெரிய சான்று அல்ல. வெவ்வேறு நிறுவனங்களின் சைட்டோமெகலோ ஐஜிஎம் பரிசோதனைக் கிட்டுகள் ஒரே சீரத்துக்கு ஒன்றுக்கொன்று முரணான விடை தருவது வழக்கமான செய்தி.

480 என்பது 140 ஆகிவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறீர்கள். அந்த மகிழ்ச்சிக்குக் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். ஒரு நிறுவனத்தின் அலகு இன்னொரு நிறுவனத்தின் அலகு அல்ல. எத்தனை ஐஜிஜி இருக்கிறது என்பதோடு, அந்தக் கிட்டில் வைரஸின் எந்தப் புரதம் பூசப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தே எண் வருகிறது. சாணில் அளந்த நீளத்தையும் முழத்தில் அளந்த நீளத்தையும் வைத்துக்கொண்டு துணி சுருங்கிவிட்டது என்று சொல்வது போன்றது அது. சர்வதேச அலகில் எண் தரும் ரூபெல்லா பரிசோதனையில்கூடக் கிட்டுக்குக் கிட்டு வேறுபாடு வருகிறது. எண் பெரிதாக இருப்பதால் நோய் கடுமை என்பதும் இல்லை. எண்ணின் ஏற்ற இறக்கத்துக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், இரண்டு அல்லது மூன்று வார இடைவெளியில் எடுத்த இரண்டு சீரங்களையும் ஒரே நாளில், ஒரே கிட்டில், அருகருகே வைத்துச் செய்ய வேண்டும். எவ்வளவு நீர்த்த பின்னும் எதிர்ப்பொருள் தெரிகிறது என்று பார்க்கும் பழைய டைட்டர் முறையில் சீரத்தை ஒவ்வொரு குழாயிலும் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போவார்கள். ஒரு குழாய் வித்தியாசம் கைத்தவறாகவும் இருக்கலாம் என்பதால், இரண்டு குழாய் வித்தியாசத்தை, அதாவது நான்கு மடங்கு உயர்வைத்தான் உண்மையான உயர்வு என்று ஏற்றார்கள். அந்த விதி இன்றும் செல்லும்.

முன்னும் பின்னுமாக இரண்டு மாதிரிகள் இருப்பதன் வலிமையை எப்ஸ்டீன்-பார் வைரஸின் வரலாறே காட்டுகிறது. 1964இல் அந்த வைரஸ் கண்டறியப்பட்டபோது அது என்ன நோயைத் தருகிறது என்பது தெளிவாகவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் அதை ஆராய்ந்துகொண்டிருந்த ஹென்லே தம்பதியரின் ஆய்வகத்தில் பணிபுரிந்த பெண் ஒருவருக்கு 1967இல் சுரப்பிக் காய்ச்சல் (கழுத்தில் நெறி கட்டும் காய்ச்சல்) வந்தது. ஆராய்ச்சிக்காக அவரது சீரம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. அதில் இந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு எடுத்த சீரத்தில் இருந்தது. சுரப்பிக் காய்ச்சலுக்குக் காரணம் இந்த வைரஸ்தான் என்ற முடிவுக்கு வழி திறந்தது அந்த இரண்டு சீரங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு. அது 1968இல் வெளியானது.

உங்களிடம் நோய்க்கு முந்தைய சீரம் இருக்க வாய்ப்பில்லை. அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது அவிடிட்டி என்ற பரிசோதனை. புதிதாகத் தோன்றிய ஐஜிஜி வைரஸ் புரதத்தைத் தளர்வாகப் பிடிக்கும். மாதங்கள் செல்லச் செல்ல அதன் பிடி இறுகும். அதே சீரத்தை இரண்டு குழிகளில் விட்டு, ஒன்றை வழக்கமான கரைசலாலும் மற்றொன்றை யூரியா கலந்த கரைசலாலும் கழுவினால், தளர்ந்த பிடியுள்ள ஐஜிஜி யூரியாவில் கழன்று போய்விடும். இறுகிய பிடியுள்ளது நிற்கும். பிடி வலுவாக இருந்தால் தொற்று மூன்று மாதங்களுக்கு முந்தையது என்று நம்பிச் சொல்லலாம். பிடி தளர்வாக இருந்தால் சமீபத்தியது என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. சிலருக்குப் பிடி இறுக நெடுநாள் ஆகிறது.

இதைத் தெரிந்துகொள்வதால் உங்களுக்குச் செய்யப்போகும் மருத்துவம் மாறுமா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் நன்றாக உள்ளவருக்குச் சைட்டோமெகலோ தொற்று பொதுவாகத் தானே அடங்கிவிடும், மருந்து தேவைப்படுவதில்லை. கருவுற்றிருந்தாலோ கருவுறத் திட்டமிட்டிருந்தாலோ நிலைமை முற்றிலும் வேறு. கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது கருவையும் சென்றடைகிறது. அப்போது அவிடிட்டி அவசியம், தாமதிக்கக் கூடாது. உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கும் எதிர்ப்பொருளை நம்பாமல் வைரஸின் அளவையே பிசிஆரால் பார்க்கிறார்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. நெறி கட்டுதலும் நீடித்த சோர்வும் எச்ஐவி தொற்றின் தொடக்கத்திலும் வரும். ஆன்டிஜென்னையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை, தொற்றுக்கு வாய்ப்பிருந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குப் பிறகு நெகட்டிவ் என்று வந்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும். வேறு வாய்ப்பே இல்லை என்று தோன்றினாலும் ஒருமுறை செய்துவிடுங்கள். காசநோய், தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும். நெறி இன்னும் கரையாமல் இருந்தாலோ, கெட்டியாகவோ பெரிதாகவோ ஆகிக்கொண்டிருந்தாலோ, இரவில் உடை நனைய வியர்த்தாலோ, எடை குறைந்தாலோ அடுத்த வைரஸ் பேனலுக்காகக் காத்திராமல் உடனே அவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அந்த நெறியிலிருந்தே திசு எடுத்துப் பார்ப்பார். இன்னொன்று: முடிக்கோ நகத்துக்கோ பயோட்டின் மாத்திரை உட்கொள்பவராக இருந்தால் இரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள். பல தானியங்கிக் கருவிகள் பயோட்டின் பிணைப்பைக் கொண்டே இயங்குவதால், அதிக அளவில் உட்கொண்ட பயோட்டின் முடிவையே புரட்டிவிடும். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

மாதந்தோறும் இதே பேனலைச் செய்ய வேண்டாம். அதற்குப் பதிலாக, முதல் ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்து உங்கள் சீரத்தின் மீதி உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் ஒரு வாரத்தில் அப்புறப்படுத்திவிடுவார்கள், ஆனால் சில இடங்களில் வைத்திருப்பார்கள். இருந்தால் அதையும் புதிதாக எடுக்கும் இரத்தத்தையும் ஒரே நேரத்தில், ஒரே கிட்டில், சைட்டோமெகலோ ஐஜிஜி, ஐஜிஎம், அவிடிட்டி மூன்றுக்கும் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் புதிய மாதிரியில் அவிடிட்டி மட்டும் போதும். நீங்கள் சொல்லும் தேதிகளின்படி சோர்வு தொடங்கி மூன்று மாதம் இன்னும் முடியவில்லை என்பதால், பிடி வலுவாக இருந்தால் இந்தச் சோர்வு புதிய சைட்டோமெகலோ தொற்றால் வந்தது அல்ல என்று இப்போதும் சொல்லிவிட முடியும். அந்த அவகாசம் இன்னும் இரண்டொரு வாரம்தான் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பத் தாளில் சோர்வு தொடங்கிய தேதியையும் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். தேதி இல்லாத சீரம் எங்கள் மேசைக்கு வரும்போது எங்களால் எண்ணை மட்டுமே தர முடிகிறது.